முத்துப்பாண்டி என்றொரு சிலந்தி

எட்டுக் கண் உள்ள ஒரு ஜீவனை, கண்ணாடி போட்ட இரண்டு கண்ணால் ஆறு மாதம் உற்றுப் பார்த்தும் தப்பாக அடையாளம் சொன்னவன் நான். இன்று சிலந்திகளை வகைப்படுத்துவது எப்படி என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். (கலிகாலம்!)

அப்போது நான் முதல் வருஷ ஆராய்ச்சி மாணவன். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் குதிக்கும் சிலந்தி எங்கே வாழ்கிறது என்று தேடி, வரைபடத்தில் புள்ளி வைப்பது என் வேலை. இந்த வகை வலை பின்னிக் காத்திருக்காது. பூனை மாதிரி பதுங்கிப் பாயும். அழகர்கோவில் அடிவாரத்து மண்டபச் சுவரில் ஒன்று சிக்கியது. பழுப்பு உடம்பு, இரு ஓரமும் கறுப்புக் கோடு. என்னிடமிருந்த எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. புது இனமேதான் என்று முடிவுகட்டிவிட்டேன். என் பேராசிரியரிடம் காட்டவில்லை. காட்டினால் தன் பேரைப் போட்டுக்கொள்வார் என்று பயம். (பெரிய புதையல் பாருங்கள்!)

அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அண்ணன் முத்துப்பாண்டி கொத்தனார். நான் படிக்க வேண்டும் என்று பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கரண்டியைப் பிடித்தவர்.

"கண்டுபிடிச்சவன்தான் பேரு வைக்கணும்ணே. ஒங்க பேரத்தான் வைக்கப் போறேன்."

"எம்பேரா? ஒலகம் பூராம் அப்படித்தான் சொல்லுவாய்ங்களா?"

"வெள்ளைக்காரனும் அப்படித்தாண்ணே எழுதணும்."

"கல்யாணப் பத்திரிகைல வந்ததோட சரிடா, எம்பேரு வேற எதுலயும் அச்சாகல" என்றார் அண்ணன்.

அடுத்த மாதம் அண்ணன் மகளுக்கு அழகர்கோவிலில் காதுகுத்து. பிளெக்ஸ் இல்லாமல் எங்கள் ஊரில் காதுகுத்தா? பிள்ளையின் படம் ஒரு மூலையில் கிடந்தது. நடுவே பத்தடிக்கு என் சிலந்தி, பக்கத்தில் மீசையை முறுக்கியபடி அண்ணன், மேலே 'உலகமே உச்சரிக்கப்போகும் பெயர்!' என்ற வாசகம். (படத்தைக் கொடுத்ததே நான்தான். யாரை நோவது?)

மரியாதைக்காக அழைத்திருந்த பேராசிரியர் நிஜமாகவே வந்துவிட்டார். பிளெக்ஸ் முன்னால் நின்றார்.

"என்னப்பா, வீட்டுச் சுவர்ல ஓடுற சாம்பல் சிலந்திக்கு எதுக்கு பிளெக்ஸு?"

"சார், அது வேற சார். அதுக்கு நடு முதுகுல கோடு இருக்கும்..."

"அது ஆணுக்கு. இது பெண்ணு. ரெண்டும் பாக்க வேற வேறயா இருக்கும். நீ ஆண் படத்தை மட்டும் வச்சு ஒப்பிட்டிருக்க."

கறிச்சோற்றுப் பந்தியில் முதல் வரிசை முழுக்க இது கேட்டுவிட்டது. பிள்ளையின் தாய்மாமன் எலும்பைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப மாப்ள பேரு பொட்டப் பூச்சிக்கா?" என்றார். பந்தியே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அது சிரிப்பே இல்லை என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் இருவருமாகப் பிளெக்ஸைக் கழற்றினோம்.

"அண்ணே, மன்னிச்சிருங்க."

"விடுறா. அது எங்கெங்க இருக்கும்?"

"வெயில் அடிக்கிற நாடு பூராம்ணே. செவரு இருந்தாப் போதும்."

"அப்ப நான் கட்டுன செவத்துலயும் இருக்கும்ல? அம்புட்டுப் போதும்டா."

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறு வருஷம், கே.கே. நகரில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்து அண்ணன் போய்விட்டார். என்னைப் படிக்கவைத்த மனுஷனுக்கு நான் தருவதாகச் சொன்னது ஒரே ஒரு பேர். அதைக்கூடத் தரவில்லை. முனைவர் பட்டம் வாங்கிய அன்று நான் அழுததை ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சிலந்திக்கு அண்ணன் பேரே நிலைத்துவிட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவரிடம் மதினி சொல்வார்: "பாத்து அடிங்க. அந்தா, எங்க வீட்டுக்காரரு உக்காந்துருக்காரு." அவர் ஏணியில் நின்றபடியே சுற்றுமுற்றும் ஆளைத் தேடுவார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்து முடித்ததும் மதினி என் பக்கம் திரும்புவார்.

"அண்ணன்தானே தம்பி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

சில வருஷம் அது வேறு இனமாக இருக்கும். வாசலில் நின்று பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

"அண்ணன்தான் மதினி" என்பேன்.