டெலிபோன் அக்கா சொன்னா சரியா இருக்கும்

பென் டிரைவின் மேல் நான் உட்கார்ந்தது உண்மை. அதை டிரைவர் சீட்டில் வைத்தவனும் நானே என்பதால், பழியைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

நகராட்சியின் அறிவிப்பு வண்டிக்கு நான் ஓட்டுநர். கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே ஒரு மைக், என்னைவிடக் கொஞ்சமே இளைய ஒரு டேப் செட், பிற்பாடு அதோடு ஒட்டவைத்த ஒரு பென் டிரைவ் துளை. நாளைக்குத் தண்ணீர் வராது என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவதுதான் வழக்கமான வேலை. அன்றைக்கு வருவதாக இருந்தது கடல்.

"சாயங்காலத்துக்குள்ள கடற்கரைத் தெரு காலியாகணும், டிரைவர். எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிடணும். அறிவிப்பு இதுல இருக்கு" என்று பேரிடர் அதிகாரி அந்தப் பென் டிரைவை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் அவரே மடக்கிவிட்டார். சின்ன வயசுப் பெண். கண்ணாடிக்குப் பின்னால் பாக்கித் தூக்கம் தெரிந்தது. "பத்திரம்."

பத்திரமாகத்தான் வைத்தேன். பிறகு அதன் மேல் பத்திரமாக உட்கார்ந்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம். என் இடுப்பெலும்பாக இருக்கக் கூடாதா என்று ஆசையாகத் தடவிப் பார்த்தேன். இல்லை.

கடற்கரைத் தெருவின் முனையில் முடிவெட்டும் கடை. அதை நடத்துகிறவனுக்கு ஊர் வைத்த பெயர் ராடார். கையில் கத்திரிக்கோல் இல்லாத நேரமெல்லாம் போனில் புயலைப் பார்த்துக்கொண்டிருப்பான். கத்திரிக்கோல் இருக்கும்போதும் பார்ப்பான், அது வாடிக்கையாளரின் காதைப் பொறுத்த விஷயம்.

"எங்கப்பா இருக்கு?" என்றேன்.

"விடியக்காலையில வடக்க திரும்புச்சு மாமா. இப்ப மறுபடியும் நம்மளைப் பாக்குது. இந்தக் கூம்பு இருக்கு பாருங்க, இதுக்குள்ள எங்க வேணா வரலாம்."

நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு இருந்த படகுக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "எங்க வேணா வரும்னு நானே சொல்லுவேனே. அதுக்கு எதுக்குடா போனு?"

அதுதான் சிக்கல். இந்த வருஷத்தில் இப்படிப் பல தடவை கூம்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் தெரு முழுக்க மூட்டை கட்டி, பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து, கழுத்து சுளுக்கோடு திரும்பியது. புயல் வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டது. இனி யாரும் அசைவதாக இல்லை.

ராடார் குரலைத் தாழ்த்தினான். "ஆனா இது விளையாட்டு இல்ல மாமா. கடல் ஏறுற நேரமும் இது கரையைக் கடக்குற நேரமும் ஒண்ணாயிருக்கு. தெருவுல ஆளு உசரத்துக்குத் தண்ணி நிக்கும்னு போட்டிருக்கு."

நானும் அந்தத் தெருக்காரன்தான். கடைசி வீடு எங்களுடையது.

வேறு வழியில்லாமல் மைக்கை எடுத்து என் சொந்தக் குரலில் ஆரம்பித்தேன். "பொதுமக்களின் கனிவான கவனத்துக்கு..."

ஒரு ஜன்னல் திறந்தது. கோழிக்காரம்மா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, பழைய இரும்பு எடுக்கறீங்களா? இருங்க, உள்ள ஒரு ஓட்டை வாளி கிடக்கு."

என் குரலின் செல்வாக்கு அவ்வளவுதான். டேஷ்போர்டுப் பெட்டியைக் குடைந்தேன். துடைக்கும் துணி, ஒற்றைச் செருப்பு, அதற்கும் கீழே ஒரு கேசட். மேலே சாய்வான கையெழுத்தில் 'புயல்' என்று எழுதியிருந்தது. என் மனைவியின் கையெழுத்து.

அப்போது அவள் என் மனைவி இல்லை. நகராட்சி அலுவலகத்து டெலிபோன் ஆபரேட்டர். ஊருக்கே டெலிபோன் அக்கா. பெரிய புயல் வந்த அந்த வருஷம் அறிவிப்பைப் பதிவு செய்ய அவளைத்தான் கூப்பிட்டார்கள். வண்டிக்குள் பக்கத்தில் நான். அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் செட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "சவுண்டு சரியா இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். அவள் நகராட்சி கொடுத்த காகிதத்தை ஒரு முறை படித்துப் பார்த்தாள். கோர்ட் தீர்ப்பு மாதிரி இருந்தது. மடித்து வைத்துவிட்டு, தெருவை வீடு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு தடவை போட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேசட்டைச் செருகினேன். கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு அந்தக் குரல்.

"படகுக்காரரே, கயிறை இன்னும் ஒரு சுத்து சுத்திட்டுக் கிளம்புங்க. முகத்தை அப்புறம் மழிச்சுக்கலாம்."

நாற்காலியில் இருந்தவர் துள்ளி எழுந்தார்.

"கோழிக்காரம்மா, சேவலை முதல்ல பிடிச்சுக் கூடையில போடுங்க, அதுதான் அடம் பிடிக்கும். சைக்கிள் கடை அண்ணே, பஞ்சரை நாளைக்கு ஒட்டலாம். பையனைத் தோள்ல தூக்கிக்கிட்டு வாங்க, அவன் தண்ணியைப் பாத்தா பயப்படுவான்."

கதவுகள் திறந்தன. இரும்பு விற்க வந்தவர்கள் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, தங்கள் பெயருக்காகக் காத்துக்கொண்டு வாசல்களில் நின்றார்கள். சில பெயர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. அப்போதெல்லாம் தெரு அந்த வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குக் காது கொடுத்தது.

ராடார் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கையில் கத்திரிக்கோல் அசையாமல் இருந்தது. சைக்கிள் கடைக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அந்தப் பையன் இவன்தான்.

"மாமா, அப்பாவைக் கூப்பிட்ட இடத்தை இன்னொரு தடவை போடுங்க."

பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். நானும் அவனோடு சேர்ந்து காது கொடுத்தேன். அந்த மயக்கத்தில், கேசட்டில் அடுத்து என்ன வரும் என்பதை மறந்துபோனேன்.

"எல்லாரும் நேரா தியேட்டருக்கு வந்துடுங்க!"

பதறி நிறுத்தப் போனேன். அந்த செட்டின் நிறுத்தும் பொத்தானுக்குத் தலை போய்விட்டது, தீக்குச்சியால் குத்த வேண்டும். தீக்குச்சியைத் தேடி எடுப்பதற்குள் டெலிபோன் அக்கா தியேட்டரை இன்னும் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

போகட்டும், தியேட்டரை மூடி எத்தனையோ வருஷமாகிறது, இப்போது அது மெத்தைக் கடை, ஊருக்கே தெரியும், எந்தப் பைத்தியக்காரன் போவான் என்று நினைத்தேன்.

மொத்தத் தெருவும் போனது. பாதி முகத்தில் நுரையோடு படகுக்காரர் முன்னால் நடந்தார்.

"டெலிபோன் அக்கா சொன்னா சரியா இருக்கும்" என்றார்.

அந்த நம்பிக்கைக்கு வரலாறு உண்டு. அந்தப் பெரிய புயலிலும் காகிதத்தில் இருந்தது பள்ளிக்கூடம்தான். இவள்தான் தியேட்டர் என்றாள். அன்றிரவு பள்ளிக்கூட வகுப்புகளில் மேசை உயரத்துக்குக் கடல் வந்து உட்கார்ந்தது. தியேட்டரில் ஒரு சொட்டு இல்லை. அன்றிலிருந்து ஊருக்கு அவள்தான் வானிலை நிலையம். துணி உலர்த்தலாமா, படகு இறக்கலாமா என்று வாசலில் வந்து கேட்பார்கள். நகராட்சி கொடுத்த பாராட்டுப் பத்திரம் கண்ணாடி போட்டு எங்கள் கூடத்தில் தொங்குகிறது. எப்படிக் கணித்தாய் என்று கல்யாணமான நாளிலிருந்து நானும் கேட்கிறேன். ஒரு தடவை "மேடான இடம்" என்றாள். ஒரு தடவை "காத்தோட திசை" என்றாள். மற்ற தடவையெல்லாம் "போய் வேலையைப் பாருங்க."

நான் மூட்டைகளின் பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு மைக்கில் கத்தினேன். "தியேட்டர் இல்லை! ஸ்கூலு! ஸ்கூலு!"

கோழிக்காரம்மா திரும்பிப் பார்த்தார். "புருஷன் பொண்டாட்டி சண்டையை வீட்டுல வச்சுக்குங்க தம்பி. நாலு பேர் போற ரோட்டுல எதுக்கு?"

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வருவதும் புயல் வருவதும் ஒன்று, பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் முக்கில் வண்டியை நிறுத்தி, கேசட்டை மறுபடி ஓடவிட்டு, 'நேரா' என்ற இடத்தில் தீக்குச்சியால் குத்தி நிறுத்தி, 'ஸ்கூலுக்கு' என்று நானே சொல்லிவிடலாம். குத்தினேன். தீக்குச்சி முறிந்து உள்ளே போனது. அதோடு செட் எதற்கும் அடங்கவில்லை. கேசட் முடிவதும் தானே திரும்புவதுமாக இருக்க, புயலுக்குச் சம்பந்தமே இல்லாத மேட்டுத் தெருக்காரர்களும் தலையணையோடு புறப்பட்டார்கள்.

போன் அடித்தது.

"டிரைவர், எங்க ஆளுங்க? முதல் மாடி ஆம்பளைங்க, ரெண்டாம் மாடி பொம்பளைங்கன்னு போர்டெல்லாம் மாட்டி, சாப்பாட்டுப் பொட்டலத்தோட உக்காந்திருக்கேன். ஒரு ஈ காக்கா வரல!"

"வந்துக்கிட்டே இருக்காங்க மேடம்" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மெத்தைக் கடையில் ஊரே படுத்திருந்தது. முதலாளி தலையில் கைவைத்து நின்றார்.

"மைக்குக்காரரே, எல்லா மெத்தையையும் அமுக்கி அமுக்கிப் பாக்கறாங்க, வாங்கறவங்க ஒருத்தர் இல்ல! அந்தச் சேவலைப் பாருங்க, இருக்கறதுலயே ஒசத்தியான மெத்தையா பாத்து ஏறி நிக்குது!"

பின்னாலேயே அதிகாரி வந்து இறங்கினார். நிலைமையைப் பார்த்தார். "யாரு தியேட்டர்னு சொன்னது?"

வெளியே ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை எல்லாரும் சேர்ந்து கைகாட்டினார்கள்.

"அந்தக் குரலைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஒயர் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது, அதைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு ஓட்டினேன். காற்று வண்டியைத் தோளால் இடிக்க ஆரம்பித்திருந்தது. தெரு காலியாகக் கிடந்தது. கடைசி வீட்டில் மட்டும் அவள், முக்காலி மேல் நின்று பாத்திரங்களைப் பரண் மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது, கல்யாணத்துக்கு முன்னாடி பேசினதெல்லாம் ஊரெல்லாம் கேக்குது? யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"அதை அப்புறம் திட்டு. முதல்ல வந்து ஸ்கூலுன்னு ஒரு வார்த்தை மைக்குல சொல்லு. நீ சொன்னாத்தான் நகருவாங்களாம். உன் கணிப்பு மேல அவ்வளவு நம்பிக்கை."

"எனக்கென்னங்க தெரியும் புயலைப் பத்தி?"

ஊரின் வானிலை நிலையம் இப்படிச் சொன்னதும் நான் வாயைப் பிளந்தேன். கூடத்துச் சுவரில் பாராட்டுப் பத்திரம் எதுவும் நடக்காதது போல் தொங்கியது.

அவள் கதவைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு தடவை வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் பின்னால் கடலின் சத்தம் பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி கேட்டது.

கடைக்குள் அவள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி நோட்டைத் திறந்துகொண்டார்.

"அம்மா, உங்களைப் பத்தி எல்லாரும் சொன்னாங்க. அன்னைக்கு நீங்க எதைக் கணக்கு போட்டு தியேட்டர்னு முடிவு பண்ணினீங்க? தரை மட்டமா? பழைய பதிவு ஏதாவது பாத்தீங்களா?"

"அது வந்து... காத்து இப்படி வந்துச்சு" என்று அவள் கையைக் காற்றில் ஒரு சுற்று சுற்றினாள். அதிகாரி அதை அப்படியே வரைந்துகொண்டார்.

"இன்னைக்கு ஸ்கூலே நல்ல இடம்தான். புதுசா மாடியெல்லாம் கட்டியிருக்காங்க, அங்க போயிடுங்க" என்று ஊரைப் பார்த்துச் சொன்னாள் என் மனைவி. யாரும் அசையவில்லை.

"அக்கா தன்னடக்கத்துல சொல்றாங்க" என்றார் படகுக்காரர், நுரை காய்ந்த கன்னத்தைச் சொறிந்துகொண்டு.

அதற்குள் வெளியே எங்கோ ஒரு தகரம் பறந்து விழுந்தது. ராடார் போனைக் காட்டினான். அதிகாரி சுவரைத் தட்டிப் பார்த்தார், படிக்கட்டில் ஏறி இறங்கினார், கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கான்கிரீட்டு. இடமும் மேடுதான். இந்தக் காத்துல வயசானவங்களை இழுத்துக்கிட்டு அலைய வேண்டாம், எல்லாரும் இங்கயே இருங்க. எனக்குத் தெரு காலியாகணும், ஆயிடுச்சு" என்றார். போனில் சாப்பாட்டை இங்கே கொண்டுவரச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "என் பென் டிரைவ் எங்க, டிரைவர்?"

"பத்திரமா இருக்கு மேடம். கொஞ்சம் தட்டையா இருக்கு."

அவர் சிரித்த மாதிரிதான் இருந்தது. தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம்.

பால்கனியில் மட்டும் முதலாளி பழைய நாற்காலிகள் ஒரு வரிசையை விட்டுவைத்திருந்தார். என் மனைவி யாரையும் கேட்காமல் படியேறி, ஓரமாக ஒன்றில் உட்கார்ந்து, பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். அந்தப் பெரிய புயலன்றும் இப்படித்தான். வண்டியை நிறுத்திவிட்டுக் கடைசியாக நான் நனைந்தபடி ஓடிவந்தபோது தியேட்டரில் உட்கார இடமே இல்லை. அவள் பை இருந்த சீட் ஒன்றுதான் பாக்கி. அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மின்சாரம் இல்லாத திரையைப் பார்த்தபடி விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். சவுண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி. என் வாழ்க்கையில் எனக்கு அடித்த ஒரே அதிர்ஷ்டம் அந்தக் காலி சீட்டு என்று இன்றுவரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மழை கூரையில் இறங்கியது. கீழே ராடார், "கூம்பு சுருங்கிடுச்சு, நேரா நம்ம மேலதான்" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். தெருவில் இல்லாததால் யாரும் பயப்படவில்லை. சேவல் கூவியது. முதலாளி அதைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லு" என்றேன். "மேடும் இல்ல, காத்தும் இல்ல. காகிதத்துல ஸ்கூலுன்னு தெளிவா இருந்துச்சு. நீ எதை வச்சு தியேட்டர்னு சொன்னே?"

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திரை இருந்த வெறும் சுவரைப் பார்த்தாள்.

"அங்க ஆம்பளைங்களுக்கு ஒரு கட்டடம், பொம்பளைங்களுக்கு ஒரு கட்டடம்னு பிரிச்சிருந்தாங்க" என்றாள். "பக்கத்துப் பக்கத்து சீட்டு தியேட்டர்லதானே இருந்துச்சு."