பின்னால் நிற்கும் பூலோகம்

ஐந்து வருஷமாக எனக்குள் எரிந்துகொண்டிருக்கும் ஒரு ஜன்னலைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், அந்த ஜன்னலை என்னிடமிருந்து பறித்த இனத்தை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். வேலை நடக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'பின்னால் நிற்பவர்' ஒருத்தர் கட்டாயம் இருப்பார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அநியாயத்தை முதலில் பார்ப்பவர் அவர்தான், பல்லை நறநறவென்று கடிப்பவர் அவர்தான், டீக்கடையில் மேனேஜரைத் தோலுரித்து உப்புத் தடவி வெயிலில் காயப்போடுபவரும் அவர்தான். மேனேஜர் எதிரே வந்தாரோ, ஊசியில் நூல் கோக்கும் வேலை வந்துவிடும்.

மும்பை தாராவியில் எங்கள் தோல்பைப் பட்டறையில் அவர் பெயர் பூலோகம்.

மேனேஜர் கணேசபாண்டியனுக்கு ஒரு பழக்கம். மத்தியானம் ஒவ்வொருவர் டப்பாவாகத் திறந்து, "என்னடே கொண்டாந்திருக்கே?" என்று விசாரிப்பார், விசாரணை முடிவதற்குள் பெரிய துண்டு அவர் வாய்க்குள் போயிருக்கும். என் வீட்டுக்காரி மெஹராஜ் பொரிக்கும் அயிலை மீன் என்றால் தனிப் பிரியம். நடுத்துண்டு அவருக்கு. வாலும் முள்ளும் எனக்கு.

"இதக் கேக்க ஆளில்லையா உதுமான் பாய்?" என்று கொதித்தார் பூலோகம். "நீங்க கேளுங்க. காலிபீலி, சும்மா பயப்படாதீங்க. நா பின்னாலயே நிக்கேன்."

டீக்கடையில் ஒத்திகை நடந்தது. அவரே மேனேஜராக நடித்தார். தொந்தியைத் தள்ளினார், மீசையை முறுக்கினார், வெண்ணெய் தடவிய என் மஸ்கா பாவில் பாதியைத் தின்றார். அவரையே மேனேஜராக நினைத்து, ஏன் தின்கிறீர்கள் என்று நான் கேட்டேன்.

"ஏக்தம் சரி! குரல இன்னும் கொஞ்சம் ஏத்துங்க!"

ஏற்றினேன். மீதிப் பாதியும் போயிற்று.

மறுநாள் மேனேஜர் கை என் டப்பாவுக்குள் இறங்கியது. எழுந்து நின்றேன். "சார், அது என் பொஞ்சாதி எனக்குப் பொரிச்சது!"

மேனேஜர் டப்பாவிலிருந்து கையை எடுக்காமலே நிமிர்ந்தார்.

"யாருடே ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"எல்லாரும் சொல்றதுதான் சார். இந்தா, பூலோகமும்..." என்று திரும்பினேன். பின்னால் சுவர்தான் இருந்தது. பூலோகமோ மேனேஜர் கைகழுவத் தண்ணீர்ச் செம்போடு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"பாய்க்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்ல சார்."

பட்டறைக்கு ஒரே ஜன்னல். அதை ஒட்டிய தையல் மிஷினுக்காக நான் ஒன்பது வருஷம் காத்திருந்தேன். அன்று சாயங்காலமே என்னைப் பசைவாளிகள் நாறும் மூலைக்குத் தள்ளினார்கள். ஜன்னலோரம் யார்? வேறு யார்!

"ஒங்களுக்காவத்தான் பாய் ஒத்துக்கிட்டேன். வேற எவனாவது வந்து உக்காந்துட்டா?"

நடுத்துண்டு இன்றைக்கும் மேனேஜருக்குத்தான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் ஆபீசிலும் மேனேஜர் அறையில் ஒருத்தர் தனியாக நின்று திட்டு வாங்கியிருப்பார். அவரை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே மும்முரமாகக் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தது யார்?

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. பூலோகம் நனைந்த சட்டையோடு என் மூலைக்கு வந்தார்.

"பாய், ஜன்னல் கதவு சரியா சாத்த மாட்டேங்கு. சாரல் பூரா என் முதுவுலதான் அடிக்கி. மேனேஜர்ட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன். நா பின்னாலயே நிக்கேன்."