பாரிஸ் மாப்பிள்ளைக்கு வைத்தியம்

உலகத்திலேயே கொசுவுக்குக் கல்யாணம் செய்து வைத்த ஒரே மனிதர் எங்கள் வில்லியனூரில்தான் இருந்தார். வேறெங்கோ இன்னொருவர் இருந்தார் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஊர் அதைக் கேட்டதே இல்லை. எல்லாருக்கும் அவர் கொசு புரோக்கர்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை ஒழிக்க வழி தேடி வந்த ஆராய்ச்சிக்காரர் அவர். ஒரு வாடகை வீட்டைப் பிடித்து, அறை முழுக்க வலைக்கூண்டுகளாக அடுக்கி வைத்திருந்தார். கொசுப் புழுக்களுக்குத் தீனி போடுகிற வேலை எனக்கு. தீனி என்ன தெரியுமா? நாய் பிஸ்கட் பொடி. மூட்டையாக வந்து இறங்கும். நாய் எங்கே என்று எட்டிப் பார்க்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

அந்த வீட்டில் ஒரே சட்டம்தான்: கொசுவை அடிக்கக்கூடாது. கழுத்தில் கடித்தாலும் பொறுமையாகக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பிடித்து, எந்த ஊர்க் கொசு, எந்த வம்சம் என்று பார்க்க வேண்டும். ஒருநாள் தபால்காரர் தன் கையில் உட்கார்ந்த கொசுவை அடித்துவிட்டார்.

"யோவ்! அது யார் வீட்டுப் பொண்ணுன்னு தெரியுமாய்யா உனக்கு?" என்று பாய்ந்தார் புரோக்கர்.

அதற்குப் பிறகு எங்களுக்குத் தபால் ஜன்னல் வழியாகத்தான் வந்தது.

பிறகு பாரிஸ் மாப்பிள்ளைகள் வந்தார்கள். முட்டையாக வந்து எங்கள் தட்டில் பிறந்த பாரிஸ் வம்சத்து ஆண் கொசுக்கள். எங்கள் பாண்டிச்சேரிப் பக்கம் பிரான்சு மாப்பிள்ளை என்றால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஆசையில் தூக்கம் வராது. அவர்களை வில்லியனூர்ப் பெண் கொசுக்களோடு ஒரே கூண்டில் விட்டார் புரோக்கர். பெண் கொசுக்கள் முட்டை போட்டன. ஒன்றுகூடப் பொரியவில்லை. இவரோ லாட்டரி விழுந்தவர் போலக் குதித்தார். இந்த ஆண்களை ஊருக்குள் விட்டால் கொசு பெருகாது என்பது அவர் திட்டம்.

"பொண்ணுங்ககிட்ட கோளாறா சார்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. கொசுவோட செல்லுக்குள்ள ஒரு பாக்டீரியா குடியிருக்கு. வெளிய எடுத்து வச்சா பிழைக்காது, செல்லுக்குள்ளதான் அதுக்கு வாழ்க்கை. அது ஆணோட விந்தணுவுல ஒரு பூட்டைப் போட்டு அனுப்புதுன்னு வச்சுக்க. முட்டைக்குள்ள இருக்கிற பாக்டீரியா அதைத் திறக்கணும். பாரிஸ் பூட்டுக்கு நம்ம ஊர் சாவி சேரல."

எல்லாம் அந்தப் பாக்டீரியாவின் வேலைதானா என்று சோதிக்க, சில பாரிஸ் புழுக்களின் தண்ணீரில் டெட்ராசைக்ளின் மருந்தைக் கலந்து வளர்த்தார். பாக்டீரியா செத்தது, பூட்டும் போனது. அந்த ஆண்களை வில்லியனூர்ப் பெண் கொசுக்களோடு சேர்த்துவிட்டபோது முட்டைகள் பொரிந்தன.

இதற்கு நடுவில் என் கதை வேறு. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. என் மாமியார், கிருமாம்பாக்கத்திலிருந்த தன் அண்ணன் மகளை என் கணவருக்கு இரண்டாம் தாரமாகப் பேசிவிட்டார். ஆவணி பிறந்தால் நான் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். கணவரோ சேதராப்பட்டு கம்பெனிக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். வாயை வேறெதற்கும் திறக்கமாட்டார். நான் புழுத்தட்டின் மேல் குனிந்து அழுதேன்.

"உப்புத்தண்ணி விழுந்தா புழு செத்துடும்மா," என்றார் புரோக்கர். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு மூன்று தட்டுகளோடு வந்து நின்றார். வரிசைத்தட்டு என்று நினைத்து மாமியார் ஆவலாக மூடியைத் திறந்தார்.

"இன்னாய்யா இது, கருமம்!"

"கோவிச்சுக்காதீங்கம்மா. மூணு தட்டுலயும் முட்டை போட்டது ஒரே கூண்டுல பொறந்த அக்கா தங்கச்சிங்க. மொத தட்டுக்கு உள்ளூர் மாப்பிள்ளை, பாருங்க, புழு நெளியுது. ரெண்டாவதுக்கு பாரிஸ் மாப்பிள்ளை, ஒண்ணுமே இல்ல. இதுல பொண்ணு என்ன தப்பு செஞ்சிது?"

மாமியார் மூன்றாவதைக் காட்டினார். "இதுல மட்டும் நெளியுதே?"

"அதுவும் பாரிஸ் மாப்பிள்ளைதான். மருந்து குடுத்து வளத்தது."

மாமியார் மூன்று தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்த மருந்த எம்புள்ளைக்கும் ரெண்டு குடுப்பா."

புரோக்கர் அவசரமாக மூன்று தட்டையும் மூடினார். "ஐயோ, உங்க பையன் கொசு இல்லம்மா! மனுஷங்க சமாச்சாரம் வேற. கோளாறு ரெண்டு பேர்ல யார்கிட்ட வேணாலும் இருக்கலாம். ரெண்டு பேரையும் டாக்டர்கிட்ட காட்டுங்க. பாக்காமலே ஒரு பொண்ணைத் துரத்திட்டு இன்னொரு பொண்ணைக் கொண்டு வருவீங்களா?"

மாமியாருக்கு அதில் பாதி காதில் ஏறவில்லை. மாப்பிள்ளைக்கும் வைத்தியம் உண்டு என்பது மட்டும் ஏறியது. அந்த வாரமே எங்கள் இருவரையும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினார். என்னிடம் குறையில்லை என்றார்கள். என் கணவருக்கு ஒரு சின்ன ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆவணி வந்தது, போனது. நான் என் வீட்டிலேயே இருந்தேன். கிருமாம்பாக்கத்துப் பெண்ணுக்கும் நல்ல இடமாகவே அமைந்தது.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். பெயர் சூட்டும் நாளில் புரோக்கர் வந்து பாய் ஓரமாகக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். இவர் இல்லையென்றால் இந்த வீடும் இல்லை, இந்தப் பிள்ளையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு கொசு வந்து குழந்தையின் கன்னத்தருகே சுற்றியது. பழக்கதோஷம், நான் அவருடைய பையில் கண்ணாடிக் குழாயைத் தேடினேன்.

பட்டென்று ஒரு சத்தம். இரண்டு கையையும் சேர்த்து அடித்திருந்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் குழந்தையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அது எந்த ஊர்க் கொசு என்றுகூடப் பார்க்கவில்லை.