பத்து மீட்டர் பாக்கி

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நான் சாலை மறியல் செய்திருக்கிறேன். ஊரில் கட்சிக்காரர்கள் செய்வதென்றால் நூறு பேர் வேண்டும், மைக் வேண்டும், சாயங்காலம் கல்யாண மண்டபத்திலிருந்து விடுதலையாகி வெளியே வர வேண்டும். நான் தனி ஆளாக, ஒரு ரோல் சிவப்பு டேப்பை வைத்துக்கொண்டு, சவூதி அரேபியாவில் பதினான்கு கிலோமீட்டர் சாலையை முடிக்க விடாமல் செய்தேன். (இதைப் படித்துவிட்டு யாரும் என்னைத் தேட வேண்டாம். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை.) கோரிக்கை என்ன என்று கேட்டால்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

2004-ம் வருஷம். அல் கோபாரிலிருந்து வண்டியில் இரண்டு மணி நேரம் உள்ளே போனால் எங்கள் கேம்ப். எண்ணெய்க் குழாய் ஓரமாக வண்டிகள் போய்வர மண் சாலை போடுகிற வேலை. அரியலூர் பக்கத்தில் கல்யாணம் முடித்து, இரண்டு மாதம் மலர்க்கொடியோடு இருந்துவிட்டு வந்தவன் நான். வந்த மூன்றாம் வாரம் அவள் முழுகாமல் இருக்கிற செய்தி வந்தது. அன்றிலிருந்து நான் சாலையைப் பார்க்கவில்லை, காலண்டரைத்தான் பார்த்தேன்.

எங்களுக்கெல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் லீவு. ஆனால் ஃபோர்மேன் நைனா முகமது பாய் எனக்காக இஞ்சினியரிடம் போய்ப் பேசினார். தொண்டிக்காரர், வாயைத் திறந்தால் திட்டுத்தான், அந்தத் திட்டுக்குள்ளேதான் பிரியத்தை ஒளித்து வைத்திருப்பார். இஞ்சினியர் எகிப்துக்காரர். இந்த செக்‌ஷன் முடிந்து ஒப்படைத்த மறுநாள் எனக்கு ஒரு மாதம் லீவு என்று ஒத்துக்கொண்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஊரில் இருப்பேன். அந்த வெள்ளிக்கிழமை அல் கோபார் போய் போனில் அவளிடம் சொன்னபோது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன்.

என் வேலை சேஃப்டி ஹெல்ப்பர். பெயர்தான் பெரிது. கூம்புகளைத் தூக்கி வைப்பது, டேப் கட்டுவது, வண்டி வந்தால் கொடி காட்டுவது. டேப்பில் இரண்டு ஜாதி உண்டு. மஞ்சள் கட்டியிருந்தால் பார்த்துப் போ என்று அர்த்தம். சிவப்பு கட்டியிருந்தால் யாருமே உள்ளே போகக்கூடாது. கட்டியவன் பெயரை எழுதி ஓர் அட்டை தொங்கும், அவன் வந்து அவிழ்த்தால்தான் உண்டு. இஞ்சினியரே ஆனாலும் கை வைக்கக்கூடாது. மீறினால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரு புதன்கிழமை காலை, சர்வேக்காரர்கள் அடித்துவிட்டுப் போன மரமுளைகளைச் சரிபார்த்துக்கொண்டே தனியாகப் போனேன். ஒரு முளைக்குப் பக்கத்தில் மண்ணே எழுந்து ஓடியது போல ஒரு குருவி ஓடியது. மண் நிறம், நம்மூர்ச் சிட்டுக்குருவி அளவு. ஒரு பக்கத்து இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு தடுமாறித் தடுமாறி ஓடியது. ஐயோ பாவம், இறக்கை ஒடிந்துவிட்டது என்று பின்னாலேயே ஓடினேன். பிடிக்கப் போனால் இரண்டடி தள்ளிப் போகும், நின்று திரும்பிப் பார்க்கும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு பள்ளத்தில் நான் விழுந்ததும், அது ஜம்மென்று பறந்து போய்விட்டது.

முழங்காலில் ரத்தத்தோடு திரும்பி நடந்தபோதுதான் புரிந்தது, என்னை வேண்டுமென்றே அங்கிருந்து கிளப்பிக்கொண்டு போயிருக்கிறது. மரமுளையின் வடக்குப் பக்கம், அந்த விரலளவு நிழலில், மண்ணைக் கிண்ணம் போலக் குடைந்து, விளிம்பில் பொடிக்கற்களை வரிசையாக அடுக்கி, உள்ளே மூன்று முட்டை. நூறு மைல் பாலைவனம் சும்மா கிடக்க, அந்த அம்மாள் வீடு கட்டப் பிடித்த இடம் எங்கள் சாலையின் நட்ட நடு.

நாலு நாளில் கிரேடர் அங்கே வந்துவிடும். கிரேடர் என்பது மண்ணை வழித்துச் சமப்படுத்துகிற இயந்திரம், அதன் இரும்புப் பலகை எங்கள் கேம்ப் கதவைவிடப் பெரியது. அதை ஓட்டுகிற குல்கான் பெஷாவர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் ஓட்டும்போது கீழே பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மஞ்சள் டேப் கட்டலாம் என்று பையைத் திறந்தேன். மஞ்சள் தீர்ந்துபோயிருந்தது. சிவப்பு இருந்தது. நாலு கம்பி நட்டு, சுற்றிக் கட்டி, அட்டையையும் தொங்கவிட்டேன். பெயர் எழுதுகிற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. (எழுதினால் மாட்டிக்கொள்வேனே! அப்போது என் மூளை இப்படித்தான் வேலை செய்தது.) ரெண்டு மூணு நாளில் குஞ்சு பொரித்துப் பறந்துவிடும், சத்தமில்லாமல் அவிழ்த்துவிடலாம் என்பது என் திட்டம். குருவியைப் பற்றி எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

கிரேடர் வந்தது, சிவப்பைப் பார்த்தது, நின்றது. பெயரைத் தேடினார்கள், இல்லை. குழாய்க்காரர்கள் கட்டியிருப்பார்கள் என்றார் இஞ்சினியர். கேபிள்காரர்கள் என்றார்கள் குழாய்க்காரர்கள். கேபிள்காரர்களுக்கு நாங்கள் யார் என்றே தெரியவில்லை. சரி, அதைச் சுற்றிக்கொண்டு மேலே போவோம் என்று போனார்கள். ஒன்பதாம் நாள், சாலை மொத்தமும் முடிந்துவிட்டது, நடுவில் பத்து மீட்டரைத் தவிர. பத்து மீட்டர் பாக்கி இருந்தால் ஒப்படைக்க முடியாது. ஒப்படைக்காவிட்டால் எனக்கு லீவு கிடையாது.

ஆமாம், என் லீவுக்கு நானே டேப் கட்டியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை போனில் மலர்க்கொடி எப்ப வர்றீங்க என்றாள். பத்து மீட்டர் பாக்கி இருக்கிறது என்றேன்.

"பத்து மீட்டரா? நம்ம வாசல்லேர்ந்து மாட்டுக்கொட்டாய் தூரம்ங்க அது. நான் ரெண்டு கூடை மண்ணு அள்ளிக் கொட்டுனா முடிஞ்சிரும். அதுக்கா இத்தன நாளு?"

கால் வீங்கியிருக்கிறது என்றாள், தூக்கம் வரவில்லை என்றாள், உள்ளே புரண்டு புரண்டு உதைக்கிறது என்றாள். நான் குருவி கதையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் போனிலேயே வந்து அடித்திருப்பாள்.

மறுநாள் விடிந்ததும் அவிழ்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். குருவியாவது ஒன்றாவது, என் பெண்டாட்டி பிள்ளைதான் முக்கியம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். கூட்டில் தாய் இல்லை, தகப்பன் இருந்தான். அவனுக்கு வயிறெல்லாம் கறுப்பு, கன்னத்தில் வெள்ளை. அதற்குள் அவர்கள் பழக்கமெல்லாம் எனக்கு அத்துப்படி. அவள் மேயப் போனால் இவன் டியூட்டிக்கு வருவான். மற்ற நேரத்தில் விர்ரென்று மேலே ஏறி, ஒரு சீட்டி அடித்துக்கொண்டே இறங்குவான், திரும்பவும் ஏறுவான். மரமுளையின் நிழல் நகர்ந்து முட்டை மேல் வெயில் விழுந்தால், யாருக்கு டியூட்டியோ அவர் எழுந்து நின்று, இறக்கையைக் கொஞ்சம் விரித்து நிழல் பிடிப்பார். வாய் பிளந்திருக்கும், மூச்சு வாங்கும், இடத்தைவிட்டு நகர்வதில்லை.

நான் கம்பியில் கை வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை. எனக்கு அவன் மேல் வந்தது இரக்கமில்லை, பொறாமை. அவன் லீவு கேட்க வேண்டியதில்லை, யாரும் அவனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, பிள்ளை பொரிக்கிற நேரத்தில் அவன் பக்கத்தில் நிற்கிறான். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு கேம்புக்கு வந்துவிட்டேன். டேப் அப்படியே இருந்தது.

இதற்கிடையில் எங்கள் சைட்டில் ஒரு வதந்தி பிறந்து, குருவிக்குஞ்சைவிட வேகமாக வளர்ந்தது. பழைய சண்டையில் விழுந்து வெடிக்காமல் போன குண்டு ஒன்று அங்கே புதைந்திருக்கிறது, அதனால்தான் யாரோ பெயர் போடாமல் கட்டிவிட்டு ஓடிவிட்டார்கள் என்று. முதலில் சொன்னது யார் என்று தெரியாது. மூன்றாம் நாள் குல்கான் அதைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். பயந்துபோன இஞ்சினியர் வெடிகுண்டு எடுக்கிற ஆட்களுக்கு எழுதிப்போட்டார். அவர்கள் வருவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று பதில் வந்தது. ஒருநாள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, இதைக் கட்டியது யார் என்று கேட்டார். ஆடு திருடியவன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். நைனா பாய் என்னையே பார்த்தார்.

இருபதாம் நாள் காலை. குஞ்சுகள் பொரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வெடிகுண்டுக்காரர்கள் வருகிற நாளும் அதுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தேன், கூடு காலி. அப்புறம்தான் கண்ணில் பட்டது, குஞ்சுகள் பறக்கத் தெரியாமலே கூட்டைவிட்டு நடந்து போய்க் கல்லோடு கல்லாகப் பதுங்கியிருந்தன. இரண்டு குஞ்சு, ஒரு முட்டை பொரிக்கவேயில்லை. அவற்றைப் பாதைக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது. சிவப்பு டேப்புக்குள் நாலு கால் போட்டுக் குனிந்து, "ச்சூ, ச்சூ" என்று தவழ்ந்துகொண்டிருந்தேன்.

தலையைத் தூக்கினால், இருநூறு மீட்டர் தள்ளி மொத்தக் கம்பெனியும் குப்புறப் படுத்திருந்தது. இஞ்சினியர் வெள்ளைச் சட்டையோடு மண்ணில். குல்கான் கிரேடருக்கு அடியில். விண்வெளிக்குப் போகிற மாதிரி உடுப்பில் இரண்டு பேர் மட்டும் நின்றுகொண்டு, அசையாதே என்று கையைக் காட்டினார்கள். ஒலிபெருக்கியை நைனா பாய் கையில் கொடுத்திருந்தார்கள், எனக்குப் புரிகிற பாஷையில் பேசுவதற்காக.

"டேய் ராசு, அசையாத. உன் கால்கிட்ட என்னடா இருக்கு?"

"குருவி, பாய்" என்று கத்தினேன்.

ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார்.

"என்ன இருக்கு?"

"குருவிக்குஞ்சு, பாய். நான்தான் டேப் கட்டுனேன். மஞ்ச இல்ல, பாய்."

அவர் அதை ஹிந்தியில் சொல்ல, யாரோ அதை அரபியில் சொல்ல, அந்தச் செய்தி படுத்திருந்த வரிசையில் ஆள் ஆளாகப் போவதை நான் அங்கிருந்தே பார்த்தேன். ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டினார்கள். விண்வெளிக்காரர்களில் ஒருவர் வந்து, அந்தப் பொரிக்காத முட்டையைக் கையில் எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு எதிலோ கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சிரித்த மாதிரித்தான் இருந்தது, முகமூடிக்குள் சரியாகத் தெரியவில்லை.

இஞ்சினியர் என்னை ஊருக்கே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன், அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் என் லீவைத் தூக்கிப் பட்டியலின் கடைசியில் போட்டார். நைனா பாய் மறுபடியும் போய்க் கெஞ்சினார், நடக்கவில்லை. வெளியே வந்து என் தோளில் கை வைத்து, "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா ரோட்டையே ரெண்டடி வளைச்சிருப்பேனேடா" என்றார். இருபது நாளாக அந்த ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் மகள் பிறந்தாள். எனக்குப் போனில் தெரிந்தபோது அவளுக்கு நாலு நாள் வயது. ரிசீவரைக் குழந்தை வாய்க்கிட்ட வைக்கச் சொன்னேன். அது அழவில்லை, மூச்சு மட்டும் விட்டது. நான் வீட்டுக்குள் நுழைந்தது அவள் பிறந்த இருபத்திரண்டாம் நாள்.

அன்று ராத்திரியே மலர்க்கொடியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அடிப்பாள் என்று பார்த்தேன், சிரித்தாள். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுக் கதை. நான் கடைக்குப் போய் வரத் தாமதமானால் "என்ன, குருவி வழி மறிச்சிருச்சா?" என்பார்கள். மகள் வளர்ந்து, கம்ப்யூட்டரில் தேடி, அது வறண்ட வெளிகளில் வாழ்கிற வானம்பாடிச் சாதி என்று கண்டுபிடித்துப் படத்தையும் காட்டினாள். விருந்தாளி யார் வந்தாலும் மலர்க்கொடி கதையைச் சொல்லி, ஒரே வரியில்தான் முடிப்பாள்: "எனக்குப் பிரசவம் ஆஸ்பத்திரியில, இவரு அங்க குருவிக்குப் பிரசவம் பாத்துட்டு இருந்தாரு."

போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் துபாயில், அல் குசைஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர். பேச்சு வளைகுடா பக்கம் திரும்பியதும் மலர்க்கொடி ஆரம்பித்துவிட்டாள். நான் தவழ்ந்த இடத்தை நானே நடித்துக் காட்டினேன். பையனின் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவளும் வழக்கமான அந்த வரியைச் சொல்லி முடித்தாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் பையன் பக்கம் திரும்பி, "தம்பி, பிரசவத்துக்கு மட்டும் எப்படியாவது பக்கத்துல வந்து இருந்துருங்க" என்றாள்.

நிச்சயமே ஆகவில்லை. பையன் இன்னும் பஜ்ஜியைக்கூடத் தொடவில்லை. அவன் எழுந்து நின்று, "சரிங்க அத்தை" என்றான். இருபது வருஷமாக அவள் சொல்லி நான் கேட்கிற கதை அது. அதற்கு இப்படி ஒரு கடைசி வரி இருந்தது எனக்குத் தெரியாது.