மாமாவின் சட்டைப் பையில் என் குரல்

பயந்தாங்கொள்ளியிடம் பொறுப்பைக் கொடுத்தால் ஒரே வேலையை மூன்று முறை செய்வாள். மூன்றும் தப்பாக இருக்கும். நான் அந்த ரகம்.

என் மாமனார் திருச்செங்கோட்டில் முப்பது வருடம் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட்டவர். புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கோவையில் ரோபோ வைத்து ஆபரேஷன் செய்தார்கள். புற்று போனது. மறுநாளே நடந்தார். ஆனால் சிறுநீர் டியூபை எடுத்த பிறகு, நடந்தால் சொட்டியது, இருமினால் கொட்டியது; எந்நேரமும் பேடு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. (ஆயிரம் அடியில் தண்ணீர் கண்ட மனிதர்!) தெரிந்தால் மானம் போய்விடும் என்று அவர் வாசல் தாண்டவில்லை. சொந்தக்காரர்களிடம் அத்தை "குடலிறக்கம்" என்று சொல்லிவைத்திருந்தார்.

சிறுநீரை அடக்கும் தசைக்குப் பயிற்சி செய்யச் சொன்னார் டாக்டர். வீட்டில் அது எனக்குத்தான் தெரியும். பிரசவத்துக்குப் பின் எனக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாமனார் முன் நின்று மருமகள் அதை எப்படி விளக்குவது? என் குரலைப் பதிவு செய்து அவர் கைபேசியில் அலாரமாக வைத்தேன். (அதோடு விட்டேனா? போதாதோ என்று தினமும் நேற்றைய நிலவரத்தையும் சேர்த்தேன்.)

ஞாயிறு காலை ஜலகண்டாபுரத்திலிருந்து மாமாவின் தங்கை, தன் கணவரோடு நலம் விசாரிக்க வந்தார். பதினொரு மணி. கம்ப்ரசர் இரைச்சலில் வாழ்ந்தவரின் கைபேசி; சத்தம் எப்போதும் உச்சத்தில். சட்டைப் பையிலிருந்து நான் அலறினேன்:

"மாமா, ஒண்ணுக்க அடக்கற மாதிரி இறுக்கிப் புடிங்க! ஒண்ணு... ரெண்டு... இப்ப உடுங்க! நேத்து மூணு பேடு நனைஞ்சிருச்சுங்க, இன்னைக்கு ரெண்டுல நிக்கோணுங்க!"

பாய்ந்து போய் அழுத்தினேன். எதை அழுத்தினேனோ, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. மாமா சுவரைப் பார்த்தார். இனி வாசல் என்ன, அறையைவிட்டே வரமாட்டார் என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

"ஏனுங்ண்ணா, இதுக்குப் போயா ஒளிஞ்சுக்கிட்டீங்க?" என்றார் தங்கை. "நாலு பெத்தவ நானு. தும்முனா எனக்கும் இதே கதைதானுங். அத இன்னொருக்காப் போடு சாமி, நானும் புடிச்சுப் பாக்கறேன்."

போட்டேன். அவர் கண்ணை மூடி இறுக்கினார். "எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்றபடியே அவர் கணவரும் நிமிர்ந்து மூச்சைப் பிடித்தார். அதைப் பார்த்து மாமா சிரித்தார், ஆபரேஷனுக்குப் பின் முதல் முறையாக. சிரித்ததும் எழுந்தார்.

"மூணாவது பேடுங்க," என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டு உள்ளே போனார்.

நாலைந்து மாதத்தில் பேடு தேவைப்படவில்லை. தங்கை கேட்டு வாங்கிப்போன பதிவுதான் ஜலகண்டாபுரம் முழுக்கச் சுற்றுகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில், முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம், "வாங்க, சாப்டீங்களா?" என்று மட்டும்தான் கேட்டேன்.

அவர் சட்டென்று விறைத்து நின்றார்.

"நீதானா கண்ணு அது? உன்ற கொரலக் கேட்டாலே எனக்குத் தானா இறுக்குது!"