நாலு பலகைக்குள் ஒரு வார்த்தை

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட நாள் முதல் இருபத்தெட்டு வருடமாக எதற்கும் முணுமுணுக்காத உங்கள் வீட்டு மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் தடுப்புப் பலகை வியாபாரமும் எப்படி இருக்கின்றன? முன்னது குறையவும் பின்னது பெருகவும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அது என் அலுவலகத்தில் பெருகியது போதும். நீங்கள் அனுப்பிய பலகைகளை ஆள் விட்டுக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இன்னொரு உதவியும் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் அலுவலகத்தை நீங்கள் பார்த்ததில்லை. பழுதான வாஷிங் மெஷின்களைச் சரிபார்த்துத் தரும் கம்பெனி. சுவர் இருந்தால் ஆட்களுக்குள் ஒட்டுதல் இருக்காது என்று யாரோ முதலாளி காதில் போட்டார்களாம், இருந்த சுவரையெல்லாம் இடித்து ஒரே கூடமாக்கிவிட்டார். கதவு வைத்த இடம் இரண்டே இரண்டு: மேலாளர் அறை ஒன்று, கழிப்பறை ஒன்று. மீதி முப்பத்தெட்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நான் நட்ட நடுவில், புகார் பிரிவு. இடப்பக்கம் 'ஸ்பீக்கர்'. அவருக்குப் பெற்றவர்கள் நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள், எங்களுக்கு மறந்துவிட்டது. போனைக் காதில் வைக்கிற பழக்கமே கிடையாது. மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, அவர் கத்த, அவர்கள் கத்த, அவர் மாமனாரின் வயிற்றுப்போக்கு வரை முப்பத்தெட்டு பேருக்கும் அத்துப்படி. வலப்பக்கம் தட்டச்சு அம்மா. விசைப்பலகை மீது அவருக்கு என்ன கோபமோ, அடி அடியென்று அடிப்பார். எதிரே காபி மெஷின், நிமிடத்துக்கு ஒருமுறை செருமும்.

இதையெல்லாம் பதினோரு வருடம் சகித்துக்கொண்டவன்தான் நான். சகிக்க முடியாமல் போனது உங்கள் மருமகளால், அதாவது என் பெண்ணால். நான் அலைந்து திரிந்து வாங்கிக்கொடுத்த வங்கி வேலையை உதறிவிட்டு, வேறொரு ஊரில் பை தைக்கும் பட்டறை வைக்கப் போகிறேன் என்று நின்றாளே, எட்டு மாதத்துக்கு முன்னால், அன்றைக்கு எனக்குத் தலை கொதித்துவிட்டது. "இனிமே எனக்கு போன் பண்ணாத, நீ யாரோ நான் யாரோ" என்று சொன்னேன். சொன்னதோடு விடாமல் என் செல்போனில் அவள் எண்ணைத் தடுத்தும் வைத்தேன். தடுக்க ஒரு நொடிதான் ஆனது. தடையை எப்படி எடுப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் கேட்டால் ஏன் எதற்கு என்று முப்பத்தெட்டு பேருக்கும் சொல்ல வேண்டும். வீட்டில் உங்கள் தங்கைக்குத் தெரியும், ஆனால் அவளிடம் போய் நின்றால் தோற்றுப்போனேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. சாகும்வரை சொல்லிக்காட்டுவாள். உங்களுக்குத் தெரியாதா?

இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பெண் என் மேஜை போனுக்கே கூப்பிட்டுவிட்டாள். எடுத்தேன். "அப்பா" என்றாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தால், தட்டச்சு அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "வணக்கம் மேடம். உங்க புகார் பதிவாயிடுச்சு. ஏழு வேலை நாளுக்குள்ள எங்க ஆள் வந்து பார்ப்பாரு." அப்புறம் மெதுவாக, "சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஞாயிறும் விடுமுறையும் கழித்துச் சரியாக ஏழு வேலை நாள் போனதும் மறுபடி மணி அடித்தது. "சார், ஒரு புகார் குடுத்திருந்தேன். யாரும் வந்து பாக்கலையே." என் பெண் இல்லையா, கணக்குத் தப்பாது. "உதிரி பாகம் இன்னும் வரலைங்க மேடம்" என்றேன். "எந்தப் பாகம் சார்?" என்றாள். என் நாக்குதான் என்று அந்தக் கூடத்தில் எப்படிச் சொல்வது?

அன்றைக்குத்தான் உங்களுக்குப் போன் செய்தேன். "நாலு பலகை போதும் மாப்ள, பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது" என்றீர்கள். வாடிக்கையாளர் பேசுவது காதில் விழவில்லை என்று மேலாளரிடம் பொய் சொல்லி அனுமதி வாங்கினேன். நீங்கள் மாதிரிக்கென்று அனுப்பிய முதல் பலகைகள் தோள் உயரம்கூட இல்லை. உட்கார்ந்தால் மதில்மேல் வைத்த பூசணிக்காய் மாதிரி என் தலை மட்டும் வெளியே தெரிந்தது, சத்தமோ தாராளமாக ஏறிக் குதித்து வந்தது. உயரப் பலகை அனுப்பினீர்கள். நான் கண்ணில் படாமல் போனதும், நான் இல்லை என்றே எல்லோரும் முடிவு கட்டி, என்னைப் பற்றியே பேச ஆரம்பித்தார்கள். எனக்கு 'ஏழு நாள்' என்று பட்டப்பெயர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஸ்பீக்கரோ நடுவில்தான் பலகை இருக்கிறதே என்ற தைரியத்தில் இன்னும் இரண்டு மடங்கு கத்தினார். பஞ்சு வைத்துத் துணி போர்த்திய பலகை அனுப்பினீர்கள், அது வந்ததும் காற்று நின்றுபோய் வேர்த்துக் கொட்டியது. சத்தம் கூரையில் மோதித் திரும்பி விழுகிறது, மேலேயும் மூட வேண்டும் என்றீர்கள். மூடினோம். பகல் பதினோரு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் உட்கார்ந்தேன். இதற்குள் உங்கள் மருமகள் இன்னும் மூன்று தடவை கூப்பிட்டு, பாகம் வரவில்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு வழியாக அமைதி வந்தது. சத்தியமாக வந்தது. வினையே அதுதான். முதல் நாளே தட்டச்சு அம்மா வந்து, "சார், ரெண்டே நிமிஷம், வீட்டுக்கு ஒரு போன்" என்றார். இருபது நிமிடம் கழித்துக் கண் சிவந்து வெளியே வந்தார். மறுநாள் ஸ்பீக்கர். மனைவியின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க வேண்டுமாம். மாமனார் வயிற்றை ஊருக்கே ஒலிபரப்பிய மனிதர், அன்றைக்குப் போனைக் காதோடு காதாக ஒட்டிக்கொண்டு உள்ளே போனார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? அடுத்த நாள் மேலாளரே வந்தார். அவர் அறைக்குக் கதவு உண்டு, ஆனால் சுவரெல்லாம் கண்ணாடி, கொட்டாவி விட்டால்கூட முப்பத்தெட்டு பேர் பார்க்கிறார்களாம். முப்பத்தெட்டு பேருக்கும் ஆளுக்கொரு சொல்ல முடியாத சங்கதி இருந்திருக்கிறது, பாவம். இப்போது தட்டச்சு அம்மா ஒரு நோட்டுப் போட்டு வரிசை எழுதுகிறார். என் பெட்டியில் எனக்கு வியாழக்கிழமை நாலு மணி முதல் நாலேகால் வரை. மற்ற நேரமெல்லாம் கூடத்தில் எந்த நாற்காலி காலியோ அதில் உட்கார்ந்து, அதே சத்தத்தில், அதே வேலை.

போன வாரம் உச்சம். உங்கள் மருமகள் கூப்பிட்ட நேரத்தில் உள்ளே மேலாளர் கண்ணயர்ந்திருக்கிறார். மணிச் சத்தத்தில் பதறி எழுந்து எடுத்திருக்கிறார். முப்பத்தைந்து வேலை நாளாகப் பாகம் வரவில்லை என்று அவளும் பவ்யமாகச் சொல்லியிருக்கிறாள். மனிதர் கொதித்துப்போய் என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதமே கொடுத்துவிட்டார். "அந்தப் பொண்ணு எவ்வளவு தன்மையா பேசுது தெரியுமாய்யா? 'எங்க வீட்டு மெஷின் பழசு சார், சட்டுனு சூடாயிடும், ஆனா நல்ல மெஷின், தூக்கிப் போட மனசு வரல'ன்னு சொல்லுது. உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். இருக்கிறது சார் என்றேன். வேறு என்ன சொல்வது?

மைத்துனரே, எனக்கு அலுத்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்ல நாலு பலகையும் ஒரு மூடியும் போட்டுப் பார்த்தாயிற்று, வார்த்தை மட்டும் வெளியே வரவில்லை. ஆகவே பலகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்கும் இன்னொரு உதவி இதுதான்: அவளிடம் நீங்களே பேசி, அப்பா தப்பு செய்துவிட்டார், வருத்தப்படுகிறார் என்று என் சார்பில் சொல்லிவிடுங்கள். நாளையோடு இந்த ஏழு நாளும் முடிகிறது, அடுத்த ஏழு நாள் முடிவதற்குள் சொன்னால் நல்லது. என்னால் ஆகாது.

அக்காவுக்கு என் அன்பு. வீட்டில் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், நினைத்ததை நினைத்த நேரத்தில் சொல்லத் தெரிந்தவர்களாக வளரட்டும். உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
களைத்துப்போன மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். நேற்று இதைத் தபாலில் சேர்க்க மறந்தது நல்லதாகப் போயிற்று. இன்று காலை மணி அடித்தபோது பெட்டிக்குள் தட்டச்சு அம்மா இருந்தார். ஒரு பக்கத்துப் பலகையைத் தள்ளித் திறந்து, வயரோடு போனை வெளியே நீட்டி, "சார், ஏழு நாள் மேடம்!" என்றார். கூடத்து நடுவில் நின்று வாங்கினேன். ஒரு பக்கம் ஸ்பீக்கர், ஒரு பக்கம் காபி மெஷின். "சார், என் புகார்..." என்றாள். "மேடம்" என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தவன், அதற்குமேல் முடியாமல், அந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்தியே சொன்னேன்: "அப்பா பேசுறேம்மா. தப்பு என் மேலதான். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுடா." பாதியிலேயே கூடம் அடங்கிவிட்டது, மைத்துனரே. ஸ்பீக்கர் தன் போனை அணைத்துவிட்டார், காபி மெஷினை யாரோ நிறுத்திவிட்டார்கள். உங்கள் பஞ்சுப் பலகை எதுவும் அப்படி ஒரு அமைதியைத் தந்ததில்லை. அவள் அழுது முடிக்கும்வரை முப்பத்தெட்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு மேலாளர் தன் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார், ஸ்பீக்கர் இரண்டே நொடியில் என் செல்போனில் இருந்த தடையை எடுத்துக் கொடுத்தார், சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று தட்டச்சு அம்மாவுக்கு மட்டும் குறை. சனிக்கிழமை வருகிறாள், உங்கள் தங்கைக்கு என்னிடமிருந்து போகும் முன்னரே செய்தி போய்விட்டது. பலகைகளைக் கழற்ற வேண்டாம், மாதக் கடைசி வரை நோட்டில் வரிசை நிற்கிறது. வியாழக்கிழமைக் கால் மணி நேரத்தை மட்டும் நான் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். போனை வைக்கும் முன் அவள், "பாகம் எங்கப்பா கெடச்சுது?" என்று கேட்டாள். "இங்கயேதாம்மா இருந்துச்சு" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.