எவரிஸ்தோ கேட்ட முனகல்

திங்கட்கிழமை காலை காபிக் கோப்பையை மேசையில் வைத்த கையோடு எவரிஸ்தோ ஒரு முடிவுக்கு வந்தான். தலை போனாலும் மெஹிகாலிக்குப் போவதில்லை.

மெஹிகாலி நகரத்தோடு அவனுக்குப் பகை ஒன்றும் இல்லை. அங்கே அவன் மனைவி தெல்பினாவின் அக்கா இருந்தாள். அக்காவுக்கு ஒரு கணவன் இருந்தான். கணவனுக்கு ஏசி விற்கும் கடை ஒன்றும், அதைப் பற்றி ஓயாமல் பேச வாய் ஒன்றும் இருந்தன. அந்த ஊர் வெயிலில் ஏசி விற்கிறவன் தன்னைக் கடவுளுக்கு அடுத்த இடத்தில் வைத்துக்கொள்வது சகஜம். இந்த ஆள் கடவுளைக் கொஞ்சம் கீழே இறக்கியிருந்தான்.

"சனிக்கிழமை அக்கா பொண்ணுக்குப் பதினஞ்சாவது பிறந்தநாள், கல்யாணம் மாதிரி பண்றாங்க," என்றாள் தெல்பினா. "விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும். உன் கல்யாண சூட்டை வெயில்லே காயப் போட்டிருக்கேன்."

"இந்தச் சனிக்கிழமையா?"

"ஆமா. ஏன்?"

ஏன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அந்தச் சனிக்கிழமைதான் பாலைவனப் பந்தயம் ஓஹோஸ் நேக்ரோஸ் பள்ளத்தாக்கைக் கடக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம். வறண்ட ஆற்று வளைவில் ஒரு மேடு இருக்கிறது. பந்தய வண்டிகள் அதில் ஏறிப் பறவை மாதிரி எழும்பி, பாறை மாதிரி விழும். அன்றைக்கு அந்த வளைவில் நிற்காத ஆண்பிள்ளை சிறையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சவப்பெட்டியில் இருக்க வேண்டும். போன வருஷம் தெல்பினா அங்கே ரொட்டியில் பீன்ஸும் கறியும் சுருட்டின புரித்தோ விற்கலாம், கூட வந்து கை கொடு என்று கேட்டதற்கு, "பந்தயத்தன்னிக்கு நான் யாருக்கும் புருஷன் இல்லை," என்று சொல்லிவிட்டுப் போனவன் எவரிஸ்தோ.

காபி ஆறுவதற்குள் அவன் பின்வேலிக்குப் போனான். வேலிக்கு அந்தப் பக்கம் ருத்திலியோ எதையோ வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். எவரிஸ்தோவின் மகனுக்கு ஞானஸ்நானத்தில் தலை தொட்ட ஞானத்தகப்பன் அவன். அதனால் இருவரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே.

"கொம்பாத்ரே, வண்டிக்கு ஏதாவது வரணும். சனிக்கிழமைக்குள்ளே."

"ரேடியேட்டர்னு சொல்லேன்."

"ஈஸ்டருக்கு அதைத்தான் சொன்னேன். அவளே மூடியைத் திறந்து பார்த்தா. தண்ணியை ஊத்திட்டு, ஏறு போலாம்னுட்டா."

"கிளட்ச்?"

"அதையும் எப்பவோ சொல்லியாச்சு."

ருத்திலியோ முகக் கவசத்தைத் தூக்கினான். சுற்றும் முற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "பின் ஆக்சில் பேரிங்."

"அது நல்லாத்தானே இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? சக்கரத்தைக் கழட்டி, டிரம்மைக் கழட்டி, ஆக்சிலை உருவாம கடவுளே வந்தாலும் அதைப் பார்க்க முடியாது. உன் பொண்டாட்டி எப்படிப் பார்ப்பா?"

எவரிஸ்தோ வேலிக்கு மேலாக எட்டி நண்பனின் தோளைத் தட்டினான். இப்படி ஒரு மூளை வெல்டிங் புகையில் வீணாகிறதே என்று அவனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்தான்.

"வண்டியிலே ஒரு முனகல் கேக்குது."

"எங்கே?"

"பின்னாடி, வலது பக்கம். ஊஊ...ன்னு."

"எனக்குக் கேட்டதில்லையே."

"அது பழகின காதுக்குத்தான் கேக்கும்."

"ஓ," என்றாள் தெல்பினா. அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பீன்ஸ் வைத்தாள்.

"பேரிங் போச்சு. பேரிங் போனா நம்ம பேரும் போயிடும். ருமோரோசா மலை இறக்கத்திலே சக்கரம் தனியாக் கழண்டு, நமக்கு முன்னாடி மெஹிகாலி போய்ச் சேரும்."

"சக்கரமாவது நேரத்துக்குப் போய்ச் சேருமே."

"சிரிக்காதே. உயிர் விஷயம்."

"நான் எங்கே சிரிச்சேன்? நீ சொல்றது சரி. ஆபத்துதான்."

வாதாடுவதற்கென்று அவன் பத்து நியாயம் சேர்த்து வைத்திருந்தான். பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தோளால் மோதிய கதவு திறந்தே கிடந்த மாதிரி ஆகிவிட்டது. தெல்பினா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு என்செனாதா நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். அக்காவுக்குப் போன் பேசிச் சொல்லத்தான் போகிறாள், பாவம், என்று எவரிஸ்தோ நினைத்தான். வாசலில் நாற்காலியைப் போட்டு ஒரு பியரைத் திறந்தான்.

சாயங்காலம் அவள் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே இரண்டு பக்கத்துக்கும் பேரிங், ஆயில் சீல், லாக் ரிங், ஒரு பாட்டில் பிரேக் ஆயில்.

"மாத்திடு. இன்னிக்குத் திங்கள்தானே."

"தெல்பினா, இது விளையாட்டு வேலை இல்லை. பேரிங்கை ஆக்சில்லே ஏத்த பிரஸ் வேணும்."

"ருத்திலியோகிட்டே இருக்காம். ஒப்துலியாகிட்டே சொல்லிட்டேன், காலையிலே கொண்டு வந்து வைப்பான்." ஒப்துலியா ருத்திலியோவின் மனைவி. அவள் சொன்னால் அவன் கொண்டு வந்து வைப்பான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

சரி, கழற்றுவோம், என்று எவரிஸ்தோ மனதைத் தேற்றிக்கொண்டான். கழற்றுகிற எல்லாவற்றையும் மாட்டியாக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

செவ்வாய்க்கிழமை வண்டியை ஜாக்கியில் தூக்கினான். அது மேடு பள்ளத்துக்கென்றே உயர்த்திக் கட்டிய பழைய பிக்கப். ஏறுவதற்கே ஒரு படி வேண்டும். வலது பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கப்படி ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஓஹோஸ் நேக்ரோஸில் ஒருவன் கீழே விழுந்தால் தூக்க ஆள் வர நேரமாகும். வண்டியைத் தூக்கினால் உடனே வந்துவிடுவார்கள். கையில் ஒரு பியர், வாயில் ஒரு யோசனை. டிரம்மை அடி என்றான் ஒருவன். அடிக்காதே, சூடு பண்ணு என்றான் இன்னொருவன். இதை இடது பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கணும் என்றான் மூன்றாமவன், ஏன் என்று கேட்டதற்கு யோசித்துவிட்டு, தன் அப்பா அப்படித்தான் செய்வார் என்றான். ஒருவன் கையிலும் கிரீஸ் படவில்லை. தெல்பினா எல்லாருக்கும் காபி கொடுத்தாள். வேலை நகராததைப் பார்த்து எவரிஸ்தோவுக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

ஆனால் மதியம் பிரேக் பைப்பைக் கழற்றி, நாலு நட்டை எடுத்து, ஆக்சிலை உருவியபோது கூட்டம் கழுத்தை நீட்டியது.

பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்தான். சுற்றவில்லை. மணலை மென்றது. உள்ளே உருளைகள் அம்மை கண்ட முகம் போலக் குழி குழியாகக் கிடந்தன. இரும்பு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. ஆயில் சீல் விரலோடு பொடிந்து வந்தது.

எவரிஸ்தோ சொன்னது பொய். வாய்க்கு வந்த பொய். அந்தப் பொய் இங்கே கண் முன்னால் கறுப்பு கிரீஸ் வழிய நிற்கிறது. இதே சக்கரத்தின் மேல் உட்கார்ந்துதான் தெல்பினா வாராவாரம் சந்தைக்குப் போனாள். போன ஞாயிற்றுக்கிழமைகூட மலையிறங்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

"இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா சக்கரம் போயிருக்கும்," என்று ருத்திலியோ மெதுவாகச் சொன்னான். அவன் முகமும் வெளுத்திருந்தது.

எவரிஸ்தோ கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "நான்தான் சொன்னேனே. கேட்டுச்சு எனக்கு." இரண்டாம் தடவை சொல்லும்போது அவனே நம்பினான். சாயங்காலத்துக்குள், தனக்கு ஒரு மாதமாகவே கேட்டுக்கொண்டிருந்ததாகவும், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி வண்டியின் முதுகில் காது வைத்துக் கேட்டதாகவும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

அந்தப் பெருமையில் இடது பக்கத்தையும் கழற்றிவிட்டான். அதுவும் கிட்டத்தட்ட அதே கதிதான். பேரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த பழைய லாக் ரிங்கை கிரைண்டரால் கீறி, உளி வைத்து ஒரே அடியில் பிளந்தபோது கூட்டம் கைதட்டியது. ரயில் தண்டவாளத் துண்டுகளை வெல்டிங் வைத்து, நடுவில் ஜாக்கியைச் சொருகி ருத்திலியோ செய்திருந்த பிரஸ்ஸில் வியாழக்கிழமை ஆக்சிலை நிறுத்தினான். புது பேரிங் நறநறவென்று இறங்கியது. மேலே லாக் ரிங்கும் இறங்கியது. எவரிஸ்தோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

சுவரில் சாய்ந்திருந்தது பிரேக் தாங்கும் தகடு.

பேரிங்குக்கு முன்னால் ஆக்சிலில் கோத்திருக்க வேண்டிய தகடு அது. இனி கோக்க வழியில்லை. பேரிங்கை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். துக்க வீட்டில் நிற்கிற மாதிரி, கூடியிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றாத குறைதான். ஆனால் எவரிஸ்தோவின் மனசு துள்ளியது. வேறு பேரிங் வாங்க வேண்டும், அது கடைக்கு வந்து சேர வேண்டும், நாளை வெள்ளிக்கிழமை, மறுநாள் சனி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் முட்டாள்தனம் அவனைக் காப்பாற்றியிருந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றான்.

"தெல்பினா. ஒரு தப்பு நடந்துபோச்சு."

"தகடு போட மறந்துட்டியா?"

அவன் தொங்கிய முகத்தை நிமிர்த்தினான்.

தெல்பினா கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு அட்டைப்பெட்டியை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். "கடைக்காரன் கேட்டான், மெக்கானிக் மாத்தறாரா, வீட்டுக்காரர் மாத்தறாரான்னு. வீட்டுக்காரர்தான்னேன். அப்போ ரெண்டு செட் எடுத்துக்கோ, தகடு போட மறப்பாருன்னான்."

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது வண்டி நாலு சக்கரத்தில் நின்றது. தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தான். ஒரு முனகல் இல்லை. வேறொரு வாரமாக இருந்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பான்.

சனிக்கிழமை கல்யாண சூட் தோளில் பிடித்தது, வயிற்றில் மறுத்தது. பட்டனைப் போடாமல் வண்டியில் ஏறினான். தெல்பினா பின்னால் பெரிய பெரிய சட்டிகளைத் துணி சுற்றி அடுக்கியிருந்தாள். அக்கா வீட்டு விருந்துக்கு இவ்வளவா என்று நினைத்தான். கேட்கிற தெம்பு இல்லை. வழியெல்லாம் ஊர் ஆண்கள் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவனும் அவனைப் பார்க்காமல் இருந்தால் தேவலை என்று தொப்பியை இறக்கிக்கொண்டான்.

நெடுஞ்சாலை வந்தது.

"வலது பக்கம் திரும்பு," என்றாள் தெல்பினா.

"மெஹிகாலி இடது பக்கம்."

"மெஹிகாலி எங்கேயும் போயிடாது. நீ திரும்பு."

வலது பக்கம் இருந்தது மணல் பாதை. சாதாரண வண்டி இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும். பிக்கப் சத்தமில்லாமல் இறங்கியது. வறண்ட ஆற்றைக் கடந்தது. பந்தய வளைவில், மேட்டுக்கு நேர் எதிரே, மற்ற வியாபாரிகளின் வண்டி எதுவும் வந்து சேர முடியாத இடத்தில் ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தது. கீழே ஒப்துலியா அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். ருத்திலியோ இடுப்பில் பூப்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினான். கண்ணில் தண்ணீர். தலையை நிமிர்த்தவே இல்லை.

எவரிஸ்தோ இன்ஜினை அணைத்தான். "உங்க அக்கா பொண்ணு?"

"அவளுக்குப் போன வருஷமே பதினஞ்சு முடிஞ்சுது. கிளட்ச் போச்சுன்னு நீதான் வரலை."

"அப்போ... பேரிங்?"

"ஜனவரியிலேயே சொன்னேன், பின்னாடி ஏதோ முனகுதுன்னு. டயர் சத்தம், பொம்பளைக் காதுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நீதான் சொன்னே. மெக்கானிக்கைக் கூப்பிடறேன்னேன். என் வண்டியை வேறொருத்தன் தொடறதான்னே."

"ருத்திலியோ..."

"பேரிங்னு சொல்லுன்னு நானும் ஒப்துலியாவும் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவன் சொன்னான். அவனைத் திட்டாதே, அவனும் பந்தயம் பார்க்க வந்தவன்தான்."

எவரிஸ்தோ கோபப்பட முயன்றான். கோபத்தை எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. ஒரு விதத்தில் பார்த்தால் அவன் ஆசைப்பட்ட இடத்தில், ஆசைப்பட்ட நாளில், ஊரிலேயே முதல் வரிசையில் நிற்கிறான். சூட்டோடு இருந்தால் என்ன? அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. மேட்டைப் பார்க்க வசதியாகத் திரும்பி நின்றான்.

"அங்கே பார்த்து நில்லு," என்று தெல்பினா அவன் தோளைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தாள்.

கூட்டம் பசியோடு வந்திருந்தது. ரெண்டு பீன்ஸ், ஒரு கறி, மிளகாய் தூக்கலா, இவனுக்கு மிளகாயே வேண்டாம். எவரிஸ்தோ ரொட்டியை விரித்தான், நிரப்பினான், சுருட்டினான், நீட்டினான். எதிரே நின்றவர்கள் அத்தனை பேர் கண்ணும் திடீரென்று அவன் தலைக்கு மேலே போய் நிலைத்தன. வாய்கள் திறந்தன. முதுகுக்குப் பின்னால் பள்ளத்தாக்கே அதிர்ந்தது.

"தூசி வருது, சட்டியை மூடு," என்றாள் தெல்பினா.

வருஷத்தின் முதல் வண்டி மேட்டிலிருந்து எழும்பி நடு ஆகாயத்தில் நின்றபோது, எவரிஸ்தோ கல்யாண கோட்டை அகல விரித்துப் பீன்ஸ் சட்டியின் மேல் கவிழ்ந்து படுத்திருந்தான்.